தேவாங்கு இல்லாத கூண்டு

கண்ணாடியில் பிள்ளைகளின் மூச்சு படிந்து வெள்ளை பூத்திருந்தது. ஜெயசித்ரா துப்பட்டா நுனியால் துடைத்தாள். பாதி போனது, பாதி போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். துணியில் மேற்கொண்டு ஈரம் ஏறவில்லை. மிச்சமிருந்த வெள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படிந்திருந்தது.

உள்ளே மூச்சு விடுவதற்கு ஒன்றும் கிடையாது. அந்தக் கூண்டில் இருந்த தேவாங்கு செத்துப்போய் இது இரண்டாவது சாரல் காலம்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையை ஒட்டி இருந்தது அந்தச் சின்ன விலங்குப் பூங்கா. தென்காசி வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வேனில் கூட்டிவருவார்கள். அவர்களுக்கு மானையும் மயிலையும் காட்டி, எது என்ன தின்னும், எது எங்கே தூங்கும் என்று பாடம் சொல்வதுதான் ஜெயசித்ராவின் வேலை. எல்லாம் பார்த்து முடித்தபின் கடைசியாக இருட்டுக் கூடத்துக்குள் கூட்டிப்போவாள். ராத்திரியில் நடமாடும் பிராணிகளுக்காகக் கட்டியது அது. ராத்திரி விளக்கைப் போட்டு, பகலில் அணைத்து, அவற்றின் பொழுதையே புரட்டி வைத்திருந்தார்கள். வெளியே வெயிலும் சாரலும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஒற்றைச் சிவப்பு விளக்கின் கீழே, நனைந்த சாக்கு வாடையும், வௌவால் கடித்துப் போட்ட கொய்யாவின் புளிப்பும், மரநாயின் மேலிலிருந்து ரம்பை இலை போட்டு வடித்த சோறு போல எழும் மணமும் கலந்து கிடக்கும். சுவருக்கு அப்பால் அருவி இரைவது, யாரோ வாய் மூடாமல் மூச்சு விடுவது போலக் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

தேவாங்கு செத்தபோது மேனேஜர் சொன்னார்: "வேற ஒண்ணுக்கு அனுமதி வார வரைக்கும் பிள்ளைககிட்ட செத்துப்போச்சுன்னு சொல்லாதீக. மூஞ்சி சுண்டிரும்."

அவளுக்கும் சொல்ல மனசு வரவில்லை. "அது ரொம்ப வெக்கப்படும். மேல கொப்புல ஒளிஞ்சிருக்கும். நல்லா உத்துப் பாருங்க" என்று சொல்லிச் சமாளித்தாள். மிருகங்களைக் காட்டிப் பாடம் நடத்துகிறவர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே. வம்பு எங்கே என்றால், பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கண்டும்விட்டார்கள். முதலில் வந்தவர்கள் அணில் உயரம் என்றார்கள். அப்புறம் பூனை என்றார்கள். அதற்கடுத்த பள்ளிக்கூடம் ஆட்டுக்குட்டி என்றது. போன மாதம் கடையநல்லூரிலிருந்து வந்த உசாமா என்கிற பையன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அதுக்கு இடம் பத்தல மிஸ். தலையக் குனிஞ்சுதான் உக்காந்திருக்கு" என்றான். சிரித்துக்கொண்டே அவன் தலையைத் தடவினாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இருக்கட்டும், இன்றோடு சரி என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். தன் சொல்லால் வளர்ந்ததைத் தானே சொல்லி அழிப்பது. அதற்கு எதற்குப் பயம்?

இன்று வந்திருந்தவர்கள் குத்துக்கல்வலசைப் பிள்ளைகள். கூட வந்த பேச்சிராஜ் சார் இருட்டில் தட்டுத்தடுமாறினார்.

"என்னம்மா, கரண்டு பில்லுக்குப் பயந்தா இப்பிடி வச்சிருக்கீக?"

"ராத்திரிப் பிராணிக சார்."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. நடுச்சாமத்துல எந்திச்சு சீரியல் பாக்கும்."

"வீட்டுல சொல்லிருவோம் சார்" என்று ஒரு குரல் வர, பிள்ளைகள் கெக்கலித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக முடித்துவிடலாம் என்று ஜெயசித்ரா கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது காலிக் கூண்டு. இங்கன இருந்த தேவாங்கு செத்துப்போச்சு. வாங்க, போவோம்."

யாரும் நகரவில்லை. சிரிப்பு நின்றிருந்தது. மரநாய் தன் கூண்டில் நடப்பதை நிறுத்தியிருந்தது.

"அப்ப அது யாரு மிஸ்?" என்றான் முன்னால் நின்ற பையன்.

"யாரும் இல்லலே. நான் தமாசுக்குச் சொல்லிட்டு இருந்தேன். ஒண்ணுமே இல்ல."

"எங்க அண்ணன் போன வருசம் பாத்தானே."

பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் ஓரத்தில் நின்ற சிறுமியைக் கண்டாள். வேல்விழி என்று பேர், முன்பல் விழுந்த பிள்ளை. கண்ணாடிக்குப் பக்கத்தில் பலகைச் சுவர். இரை வைப்பதற்காக அதில் சின்னத் துவாரம் ஒன்று உண்டு. பிள்ளையின் கை முழங்கை வரைக்கும் அதற்குள் போயிருந்தது.

"ஏட்டி, கைய எடு."

"விட மாட்டேங்குது மிஸ்." பிள்ளை சிரித்தது. "கூசுது."

ஜெயசித்ரா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கமிருந்து, கிணற்றில் நிதானமாகத் தண்ணீர் சேந்துவது போல ஒரு இழுப்பு. பிள்ளையின் கன்னம் பலகையில் போய் ஒட்டியது.

"மிஸ், வலிக்குது."

"மாட்டிக்கிச்சா? கேன்டீன்ல எண்ணெய் வாங்கியாரட்டா?" என்றார் பேச்சிராஜ் சார்.

"வேண்டாம் சார். இவள இடுப்போட பிடிச்சுக்கோங்க. என்ன ஆனாலும் விட்டுராதீங்க."

கூண்டுக்குப் பின்பக்கம் ஓடினாள். ஆள் குனிந்து நுழைகிற கதவு. தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினாள். கதவை உதைத்துத் திறந்தாள்.

மிருக வாடை இல்லை. பால் பிஸ்கட், மெழுகுக் கலர், தேங்காய் எண்ணெய். இத்தனை நாளும் அந்தக் கண்ணாடியில் முகம் பதித்த அத்தனை பிள்ளைகளின் வாடையும் அங்கே இருந்தது.

காய்ந்த கொப்பு. வெறும் தரை. பலகையிலிருந்து நீண்டிருந்தது வேல்விழியின் கை. பச்சை வளையல். அதைப் பிடித்திருப்பவர் யாரும் இல்லை. ஆனால் சதை அமுங்கியிருந்தது. நீள நீளமாக, விரல் விரலாக.

"விடு" என்றாள்.

குரல் பிசிறியது. வகுப்பில் அதட்டுகிற குரலில் இன்னொரு தரம் சொன்னாள்.

"விடுன்னு சொல்லுதேம்லா. பொய் சொன்னது நான். பிள்ள என்ன பண்ணிச்சு? கை வேணும்னா இந்தா, என் கையப் பிடி."

அமுங்கிய இடத்தின்மேல் தன் கையை வைத்தாள். ஈரமில்லை. சில்லிடவில்லை. பிள்ளைகளின் உள்ளங்கை போல வெதுவெதுப்பு. அமுங்கல்கள் ஒவ்வொன்றாக எழும்பின. சின்னக் கை துவாரத்துக்குள் வழுக்கி மறைந்தது. அந்தப் பக்கம் வேல்விழி வீரிட்டு அழுதாள். காதுக்கு அத்தனை இதமான அழுகை.

பிறகு ஜெயசித்ராவின் மணிக்கட்டு அமுங்கியது.

"கன்னிப்போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று பேச்சிராஜ் சார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். "நீங்களும் வாங்கம்மா."

"நீங்க முதல்ல பிள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போங்க சார். நான் பூட்டிட்டு வாரேன்." இம்முறை குரல் பிசிறவில்லை. அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். சிவப்பு வெளிச்சத்தில் பிள்ளைகளின் முகங்கள்.

"பாருங்க. நான் மட்டுந்தான் இருக்கேன். வேற யாரும் இல்ல."

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. பார்வை அவள் உச்சிக்கு மேலே இருந்தது. இன்னும் மேலே ஏறியது. எல்லாத் தலைகளும் ஒன்றுபோலப் பின்னால் சாய்ந்தன.

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள்.

"டாட்டா சொல்லிட்டு வாங்கலே, வேன் காத்துக்கிடக்கு" என்று வாசலிலிருந்து சார் கூப்பிட்டார்.

சின்னக் கைகள் உயர்ந்தன. ஆடின.

கூண்டுக்குள் அவள் கையும் உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை.

"மாட்டேன்."

உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டுக் கீழே இழுத்தாள். உள்ளங்கையில் நகம் பதிய விரல்களை இறுக மூடினாள். அதற்கு அவசரமே இல்லை. ஒரு விரலை நிமிர்த்தியது. அவள் மடக்கினாள். மறுபடி நிமிர்த்தியது. அடுத்த விரல். அதற்கடுத்தது.

"மாட்டேன்."

பிள்ளைகள் சிரித்தபடி, நடந்துகொண்டே திரும்பித் திரும்பிக் கையாட்டினார்கள். தலைக்கு மேலே, குதிகால் தரையை விட்டு எழும்பும் உயரத்தில், ஐந்து விரலும் விரிந்த அவள் கை அவர்களுக்கு மெள்ள ஆடிக்கொண்டிருந்தது.