கம்பத்தில் கூவிய கடிகாரம்

கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்த வழக்கறிஞர் செந்தமிழ்ச்செல்வியின் அலுவலகத்துக்குள் பச்சையம்மாள் நுழைந்தபோது அவள் தலையில் ஒரு கடுக்காய் மூட்டை இருந்தது. தங்களுக்குக் கொண்டுவந்த காணிக்கை என்று எண்ணி இளவழக்கறிஞன் அறிவுச்செல்வன் எழுந்து கைநீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அது சந்தைக்காம். புருஷனைப் போலீஸ் பிடித்தாலும் சந்தை நாள் சந்தை நாள்தானே என்றாள்.

அவள் கணவன் வேடியப்பன் கல்வராயன் மலைக்காரன். கடுக்காயும் தேனும் சுமந்து சமவெளி வீடுகளில் விற்பவன். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மரங்களை வெட்டிப் போட்டுச் சாலைகளை மறித்தார்களே, அந்த மறியல் முடிந்து வழி திறந்த பிறகு, மலைக்குத் திரும்பும் சாலையோரப் பள்ளத்தில் ஒரு கைக்கடிகாரத்தைக் கண்டெடுத்தான். கண்டெடுத்த பொருளை உடையவன் வரும்வரை கோயில் கம்பத்தில் தொங்கவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். அப்படியே நார்க்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். ஒரு மாதம் கழிந்தது. நேற்றுப் போலீஸ் வந்து கடிகாரத்தையும் அவனையும் சேர்த்து இறக்கிக்கொண்டு போனது.

புகார் கொடுத்தவர் தியாகதுருகத்துப் பக்கத்துக் கரும்பு விவசாயி கொளஞ்சியப்பன். கடிகாரம் அவர் மகன் இளமாறனுடையது. சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் அனுப்பியது, அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லாதது. ரேஷன் சாமான் ஏற்றி மலைக்குப் போன லாரிக்காரர் திங்கட்கிழமை அதைக் கம்பத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்ல, அப்பா மகனைக் கேட்டார். போன சனிக்கிழமை கடுக்காய் விற்க வந்த வேடியப்பன் சன்னல் மாடத்திலிருந்து எடுத்துப் போயிருப்பான் என்று மகன் சொன்னான்.

"அது மணிக்கொருதரம் கூவுதும்மா. பசங்க அதுக்குக் கோழின்னே பேரு வெச்சிட்டாங்க. திருடுனவன் கூவுற கோழிய ஊரு நடுவுல கட்டுவானா?" என்றாள் பச்சையம்மாள். பிறகு குரல் தாழ்ந்தது. "நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்தறாங்களாம். ஜெயிலுகூடப் பரவால்ல. திருட்டுப் பேரு வந்துட்டா கீழ ஒரு வூட்டு வாசல்லயும் மூட்டைய எறக்க முடியாது. அப்புறம் இன்னாத்தத் தின்னுறது?"

செந்தமிழ்ச்செல்வி குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் அவள் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு வியர்க்கும் என்பது அறிவுச்செல்வனுக்குத் தெரியும்.

காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் மரியாதையாகவே பேசினார். மலைக்காரன் பொருளைக் கோயிலில் ஒளித்து வைத்திருந்தான் என்றார். ஒளித்து வைத்த இடம் எது என்று அவள் கேட்க, கம்பம் என்றார். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டாள். அவர் தம் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினார். காட்டிய கையைத் தாமே ஒருமுறை பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். ஊரே ஒரு மாதமாகப் பார்த்ததே என்றதற்கு மட்டும், அவர்கள் எல்லாம் ஒரே சொந்தம், ஒரே குரலில்தான் சொல்வார்கள் என்றார்.

கடிகாரம் மேசைக்கு வந்தது. அதைக் கண்டதும் அறிவுச்செல்வன் வழக்கையே மறந்தான். அவன் கையில் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். பேருந்துப் படியில் இடித்துக்கொண்டால்கூட நின்றுவிடும். இதுவோ ஆமை ஓடு போலக் கறுத்துத் தடித்த உறைக்குள் எண்களாகவே நேரம் காட்டியது. கண்ணாடியைவிடச் சுற்று விளிம்பு உயர்ந்திருந்ததால் எப்படி விழுந்தாலும் அடி விளிம்புக்குத்தான். பொத்தான்கள் உறைக்குள் அமிழ்ந்திருந்தன. ஒன்றை அழுத்தினால் உள்ளே சிறு விளக்கு எரிந்தது. இன்னொன்றை அழுத்தினால் நொடியை நூறாகக் கூறுபோட்டு ஓடியது. எந்த அழகையும் காட்ட முயலாமல், செய்ய வேண்டியதை மட்டும் செய்யும் பொருளின் அழகு அது என்று அவனுக்குத் தோன்றியது.

அடிபட்ட தடமும் இருந்தது. விளிம்பில் ஒரு வடு. வாரின் துளை அறுந்து வாய் பிளந்திருந்தது. அந்த இடத்தில்தான் வேடியப்பன் நார் கோத்திருந்தான். கொக்கியின் உட்புறத்தில் மஞ்சளாக ஏதோ இறுகியிருந்தது. செந்தமிழ்ச்செல்வி நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். மரத்தூள் கலந்த பிசின். "வேம்பு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பொருளை அடையாளம் காட்ட இளமாறனும் வந்திருந்தான். அரைக்கைச் சட்டை. கரும்புத் தோட்டத்து வெயில் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை ஒரே சீராகக் கறுக்கவைத்திருந்த கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கினான். அவன் முகம் மலர்ந்ததை அறிவுச்செல்வன் கவனித்தான். பொய் சொல்கிறவனின் முகமாக அது இல்லை.

"பிளாஸ்டிக்தானே தம்பி? ஒரு மழைக்குத் தாங்குமா?" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

அவனுக்குச் சுருக்கென்றது. "இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? கெணத்து மேட்டுலேர்ந்து தலைகீழாக் குதிப்பேன், கையிலதான் இருக்கும். மாமா அனுப்பி ஒரு வருசம் ஆவுது, நான் கழட்டுனதே கெடையாது. தூங்கறப்பக்கூட. மரமே மேல வுழுந்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது."

உதவி ஆய்வாளருக்கும் ஆசை வந்துவிட்டது. தண்ணீர்ச் சொம்புக்குள் அதைப் போட்டார். காவலர்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு சொம்புக்குள் பார்த்தார்கள். நீருக்கடியில் நொடிகள் மாறிக்கொண்டே இருந்தன. கம்பிக்குப் பின்னாலிருந்து வேடியப்பனும் எட்டிப் பார்த்தான். "அது சாவாதுங்க. ஒரு மாசம் மழையிலதான் தொங்குச்சு" என்றான். யாரும் அவனை அதட்டவில்லை.

வெளியே வந்ததும் அறிவுச்செல்வன் தன் முடிவைக் கொட்டினான். லாரிக்காரர்தான் திருடன், சனிக்கிழமை திருடி வழியில் தவறவிட்டதைக் கம்பத்தில் கண்டதும் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து முந்திக்கொண்டு வந்து சொல்லிவிட்டார். செந்தமிழ்ச்செல்வி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். ஊர்க்குழந்தைகள் கோழி என்று பெயர் வைக்க எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்டாள். இரண்டு மூன்று நாளில் அது நடக்காது என்று அவனுக்கே பட்டது.

மாலையில் இருவரும் பச்சையம்மாளோடு கொளஞ்சியப்பனின் வெல்ல ஆலைக்குப் போனார்கள். கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. மறியலில் சாலையில் உட்கார்ந்து, கேட்ட இடத்திலெல்லாம் தம் பெயரை உரக்கச் சொல்லிச் சிறைக்குப் போய்த் திரும்பியவர் கொளஞ்சியப்பன். ஊரில் அவருக்கு அதனால் தனி மதிப்பு. வந்தவர்களுக்குச் சூடான வெல்லம் கொடுக்கச் சொன்னார். இளமாறன் அடுப்போரம் நின்றான்.

"இதை நான் ஸ்டேஷனில் சொல்லியிருக்கலாம். இங்கே சொல்வதுதான் முறை என்று வந்தேன்" என்று தொடங்கினாள் செந்தமிழ்ச்செல்வி. "தம்பி, உன் கடிகாரத்தை நான் குறை சொன்னது வேண்டுமென்றேதான். நீ அதற்காகப் பரிந்து பேசினாய். பேசியது அத்தனையும் உண்மை. ஒரு வருடமாக நீ அதைக் கழற்றவில்லை. கழற்றாத கடிகாரம் சனிக்கிழமை சன்னல் மாடத்துக்கு எப்படி வந்தது?"

இளமாறன் கொப்பரையைப் பார்த்தான்.

"அன்றைக்கு மட்டும் கழற்றினேன் என்று நீ சொல்லலாம். சரி. இன்று புதன். ஒரு வருடம் கடிகாரம் கட்டிய கையில் வெயில் படாத பட்டை வெளுத்துக் கிடக்கும். நான்கு நாளில் அது மறையாது. உன் கை முழங்கை முதல் விரல்வரை ஒரே நிறம். கடிகாரம் உன் கையைவிட்டுப் போய் ஒரு மாதமாவது ஆகிறது. மலைக்காரர்கள் சொல்வதும் அதுதான்."

அறிவுச்செல்வன் தன்னையறியாமல் தன் கடிகாரத்தை மணிக்கட்டில் நகர்த்திப் பார்த்தான். அடியில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருந்தது. காலையில் அந்தக் கையைத் தானும்தான் பார்த்தோம் என்பது அவனைச் சுட்டது.

"எங்கே போயிற்று என்பதைக் கடிகாரமே சொல்கிறது. மாடத்திலிருந்து எடுத்திருந்தால் வாரின் துளை அறுந்திருக்காது. கையிலிருக்கும்போது எதிலோ சிக்கிப் பிய்ந்திருக்கிறது. கொக்கிக்குள் வேப்பம்பிசினும் மரத்தூளும். மலையிலும் வேம்பு உண்டு, அதனால் பிசினை மட்டும் நான் நம்பவில்லை. ஆனால் மழை தாங்குமா என்றுதான் நான் கேட்டேன். மரமே விழுந்தாலும் என்று மரத்தைப் பேச்சில் இழுத்தது நீ. மறியலின்போது சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த வேப்பமரம் உன் கையை உரசிக்கொண்டு விழுந்தது. கை தப்பியது. கடிகாரம் பள்ளத்துக்குப் போயிற்று."

பாகு பொங்கியது. கிளற வேண்டிய வேலையாள் கிளறாமல் நின்றான்.

இளமாறன் மெதுவாகப் பேசினான். அரசாங்க வேலைக்கு ஆர்டர் வருகிற நேரம். மரம் வெட்டிய கேஸில் பெயர் வந்தால் வேலை போய்விடும் என்று பயந்தானாம். அப்பா திடீரென்று கேட்டபோது வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டான். அவர் புகார் கொடுப்பார் என்று நினைக்கவில்லை.

கொளஞ்சியப்பன் மகனை அடிப்பார் என்றுதான் அறிவுச்செல்வன் எதிர்பார்த்தான். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம பங்கக் கேட்டு நான் எம் பேர சொல்லி உள்ள போனேன்டா. நீ அடுத்தவன் பேர சொல்லிட்டு வெளிய நிக்கிற." பிறகு பச்சையம்மாள் பக்கம் திரும்பினார். துண்டோடு சேர்த்துக் கைகூப்பினார். "வாடா" என்றார் மகனிடம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாரும் காவல் நிலையத்தில் இருந்தார்கள். இளமாறன் மரத்தையும் சேர்த்தே சொன்னான். அப்பா கேட்டதற்காக அல்ல, நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனான். உதவி ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், மரத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். அது மன்னிப்பா மிரட்டலா என்று அறிவுச்செல்வனுக்கு விளங்கவில்லை.

வேடியப்பன் வெளியே வந்து முதலில் மூட்டை விற்றதா என்று பெண்டாட்டியைக் கேட்டான். பாதிதான் போச்சு என்றாள் அவள். இளமாறன் கடிகாரத்தை இரு கையாலும் ஏந்தி அவன் முன் நீட்டினான். வைத்துக்கொள்ளச் சொல்கிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது.

வேடியப்பன் அதை வாங்கினான். திருப்பிப் பார்த்தான். அதில் கோத்திருந்த நாரில் சொம்புத் தண்ணீரின் ஈரம் இன்னும் காயவில்லை. இளமாறனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கம்பத்தில் கட்டியிருந்த அதே நாரால் கடிகாரத்தைச் சுற்றி இறுக்கி முடிச்சிட்டான்.

"இனிமே கீழ வுட்றாத, தம்பி" என்றான். "எடுக்கறவன் பாடு கஷ்டமாப் போவுது."