முறைப்பூனை

செவ்வாய்க் கோளில் புதுக்குன்றம் என்ற குமிழ்நகரில் மாமனார் இறந்தால் ஒரு நாள் விடுப்பு, பூனை இறந்தால் பதினோரு நாள். இதில் யாருக்கும் வருத்தமில்லை. விடுப்பைத் தருவது அதிகாரி அல்ல, ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் பதித்திருக்கும் துயர்மானி. அரிசிமணி அளவுள்ள அந்தக் கருவி, மனிதரின் துக்கத்தைப் பத்துக்கு இத்தனை என்று அளந்து அலுவலகத்துக்கு நேராக அனுப்பிவிடும். அழுது காட்டி ஏமாற்ற முடியாது. கருவி வந்த முதல் வருடம் ஊரே மானம் போய்த் தவித்தது. பெரியப்பா காரியத்தில் மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்களுக்கெல்லாம் ஒன்றரை, இரண்டு என்று வந்தது. பிறகு பழகிக்கொண்டார்கள்.

சங்கரகோமதிக்கு ஒன்பது புள்ளி ஒன்று வந்தது.

அவளுடைய சொக்கி, பதினான்கு வயதுச் சாம்பல் நிறப் பூனை, சிறுநீரகம் கெட்டு ஒரு காலைப்பொழுதில் அவள் மடியிலேயே போய்விட்டது. தயிர் உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் எந்த அறையில் இருந்தாலும் ஓடி வரும் பூனை அது. இப்போது கோமதி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் தயிர் உறையைக் கிழிக்கிறாள். சத்தம் கேட்டும் யாரும் ஓடி வரவில்லை என்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அவள் கணவர் திருமலைக்கொழுந்து காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறுப்பாளர். ஊருக்கே மூச்சு கொடுக்கிறவர், வீட்டில் மட்டும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார். "ஒரு பூனை போனா இன்னொரு பூனை. இதுக்குப் போயி இப்படியா?" என்று ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்கு அந்த வீட்டில் சூடாக எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் கோமதியே பேசினாள். "எனக்கு எந்தப் பூனையும் வேண்டாம். சொக்கி ரத்தத்துல ஒரு குட்டி வேணும், மாமா."

கொழுந்தை அவள் மாமா என்று அழைப்பது கல்யாணத்தால் வந்த பழக்கமல்ல. அவர் அவளுடைய அம்மாவின் உடன்பிறந்த தம்பி. புதுக்குன்றத்தின் கண்ணியமான குடும்பங்களில் அப்படித்தான். ஐந்து கோடிக்கும் மேலான கிலோமீட்டர் தாண்டி வந்தவர்கள், பெண் எடுக்க மட்டும் அடுத்த அறையைத் தாண்டுவதில்லை.

சொக்கி பெற்றதில் ஊரில் மிச்சமிருந்தது ஒன்றுதான். அதன் மகன் கருப்பட்டி, பொதுத் தானியக் கிடங்கில் எலி பிடிக்கும் அரசு உத்தியோகத்தில் இருந்தான். அவனுக்கு ஏற்ற பெண் பவளம், கோமதியின் தம்பி குற்றாலம் வீட்டில் வளர்ந்தது. குற்றாலம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டான்.

"பவளத்தத் தாரேன் அக்கா. ஆனா கையோட உன் அல்லிய என் இசக்கிக்குக் குடுத்திரு. ரெண்டு ஜோடிக்கும் ஒரே முகூர்த்தம். என்ன சொல்லுத?"

கோமதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரே நாளில் பேரக்குட்டியும் மருமகனும்!

மகள் அல்லியிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். இருபத்துநான்கு வயது, நாற்றுப்பண்ணையில் கத்தரிக்கு மரபுப் பரிசோதனை செய்யும் வேலை. இசக்கியைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று, வீட்டில் அந்தப் பேச்சு முதலில் எழுந்ததிலிருந்து இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நானும் அவனும் ஒரே தொட்டில்ல தூங்கியிருக்கோம்மா. அவன் எனக்கு அண்ணன் மாதிரி" என்றால், "அத்தை பிள்ளை, மாமன் பிள்ளைன்னா அப்படித்தான் பழகியிருக்கும். அதுதான் நல்லது" என்று பதில் வந்தது.

பூனை விஷயம் இவ்வளவு சுலபமில்லை. புதுக்குன்றத்தில் பூனைகளை இணைசேர்க்கப் பூனைப் பேணகத்தின் அனுமதி வேண்டும். அங்கே விண்ணப்பங்களை ஆராயும் இயந்திரத்தின் பெயர் பேணி. சட்டப் புத்தகங்களைப் படிக்க வைத்தே அதற்குத் தமிழ் கற்பித்திருந்தார்கள். ஆகவே அது "வாருங்கள்" என்றால்கூட அரசாணை காதில் விழுந்ததுபோல் இருக்கும்.

கொழுந்தும் கோமதியும் அல்லியும் பேணியின் முன் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆயிற்று. பவளத்துக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டதா, இதயமும் சிறுநீரகமும் சோதித்தாயிற்றா, பிறக்கப்போகும் ஒவ்வொரு குட்டிக்கும் இப்போதே வீடு பார்த்தாயிற்றா, அந்த வீட்டார் நல்லவர்களா, பன்னிரண்டு வாரம் ஆகும் முன் தாயிடமிருந்து பிரிக்கமாட்டோம் என்று உறுதி தருகிறார்களா? கொழுந்துக்கு வியர்த்துவிட்டது. தன் கல்யாணத்தின்போது தன்னிடம் நட்சத்திரத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

"பதினான்காம் கேள்வி" என்றது பேணி. "இந்த இணை முறையானதா?"

கொழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மணி நேரத்தில் அவருக்கு விடை தெரிந்த முதல் கேள்வி அதுதான். "நல்லாக் கேட்டீங்க! நூத்துக்கு நூறு முறை. கருப்பட்டி சொக்கியோட மகன். பவளம் சொக்கியோட அண்ணன் மக. அத்தை மகன், மாமன் மக. இதவிட முறையா ஒரு சம்பந்தம் செவ்வாயிலயே கிடையாது."

பேணியின் நெற்றியிலிருந்த பச்சை விளக்கு மஞ்சளாகிப் பிறகு சிவப்பாயிற்று.

"ஐயா, முறை என்ற சொல் இங்கே விதிமுறையைக் குறிக்கும். தாங்கள் இப்போது ஒப்புக்கொண்டது குற்றம்."

"நான் முறைங்கேன், நீங்க குத்தங்கீங்க!"

"நெருங்கிய குருதி உறவில் இணைசேர்த்தல், பிரிவு மூன்று. தங்களுக்குக் காரணம் தெரியாது போலும், சொல்கிறேன். இங்கு பூமியிலிருந்து வந்தவை ஒன்பது பூனைகள் மட்டுமே. முதலில் வந்தவர்கள் நிறம் மாறக்கூடாது, குணம் மாறக்கூடாது, நம் வீட்டுப் பூனை நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று உறவுக்குள்ளேயே சேர்த்தார்கள். சில தலைமுறைகளில் காது கேளாத குட்டிகள் பிறந்தன. இதயத்தில் ஓட்டையோடு பிறந்தன. பார்க்க அழகாக இருந்தன. பால் குடிக்கும்போது மூச்சு வாங்கும். பெரும்பாலானவை எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் இறந்தன."

கோமதியின் முகம் வெளுத்தது. "ஒன்பதாம் நாளா?" என்று கேட்டாள்.

அல்லிக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். பால் குடிக்கும்போது அவனுக்கும் மூச்சு வாங்கியது. ஒன்பது நாள் இருந்தான். பூமி தோஷம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். செவ்வாயிலேயே பிறந்தவர்களுக்குச் செவ்வாய் தோஷத்தை எப்படிப் பார்ப்பது என்று முதல் குடியேறிகள் எட்டு வருடம் சண்டை போட்டு, கடைசியில் அந்தக் கட்டத்தில் பூமியைத் தூக்கி வைத்துப் பிரச்சினையைத் தீர்த்திருந்தார்கள். அதன் பிறகு எதற்கும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. துயர்மானி வராத காலம் அது. வந்திருந்தால் கோமதியின் கருவி அப்போதே வெடித்திருக்கும்.

"வேண்டாங்க" என்றாள் கோமதி. அழுதுகொண்டே சொன்னாள். "என் ஆசைக்காக ஒரு குட்டி மூச்சுக்குத் தவிக்கணுமா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். விண்ணப்பத்த அழிச்சிருங்க."

பேணி அழித்தது. சிவப்பு விளக்கைக்கூட அணைத்துவிட்டது.

"அம்மா, தங்கள் துயர் நோயன்று. சொக்கியின் கிண்ணத்தை எடுத்து வைக்க மனம் வரும்வரை அது அங்கேயே இருக்கலாம். சொக்கி இறந்து நாற்பது நாள் ஆனபின் வாருங்கள். வீடில்லாத பூனை ஒன்று தங்களுக்காகக் காத்திருக்கும். அதற்குச் சொக்கி என்று பெயர் வைக்கக்கூடாது. இறந்தவரின் இடத்தை நிரப்பும் வேலையை எந்தக் குட்டியின் தலையிலும் சுமத்தக்கூடாது, பிரிவு பன்னிரண்டு."

எழுந்தபோது அல்லி ஒன்று கேட்டாள். "எல்லாப் பரிசோதனையும் சரியா வந்து, பொம்பளப் பூனைக்கு மட்டும் அந்த ஜோடி பிடிக்கலன்னா?"

"இணைசேர்ப்பு கிடையாது. மூன்று முறை சீறினால் விண்ணப்பம் ரத்து, பிரிவு ஏழு. பூனை வளர்க்கும் எல்லா வீட்டுச் சுவரிலும் அதற்காகத்தான் சீறல்மானி பொருத்தியிருக்கிறோம். பூனை இறந்த வீடுகளில் நாற்பது நாள் கழித்துக் கழற்றிக்கொள்வோம்."

திரும்பும்போது குழாய்வண்டியில் கோமதி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். எவ்வளவு பொறுப்பான இயந்திரம், எவ்வளவு கரிசனம் என்று வாய் ஓயாமல் புகழ்ந்தாள். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, பூனைக்குத்தான் முறை ஒத்து வரல. நம்ம அல்லி கல்யாணமாவது முறையா நடக்கட்டும்."

அல்லி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே செம்மண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

நிச்சயதார்த்தம் சொக்கி இறந்த முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நடந்தது. குற்றாலமும் அவன் மனைவி தெய்வானையும் இசக்கியும் வந்தார்கள். தட்டில் நெகிழித் தேங்காய் வைத்திருந்தார்கள். முதல் குடியேறிகள் கொண்டுவந்த தேங்காய், எல்லா வீட்டு விசேஷத்துக்கும் போய் வந்து குடுமி தேய்ந்துவிட்டது. கோமதியின் துயர்மானி அன்று ஆறாக இறங்கியிருந்தது. புதுப் புடவை கட்டியிருந்தாள்.

மணப்பதிவகத்தின் இயந்திரம் சுவர்த்திரையில் வந்தது. பூனைப் பேணகம் மூன்று மணி நேரம் எடுத்த இடத்தில் இது நான்கு நொடி எடுத்தது. நட்சத்திரம் கேட்டது, சாதிக்குள் எந்தக் கூட்டம் என்று கேட்டது. பூமியிலிருந்து வரும் வழியில் விதைநெல்லில் பாதி கெட்டுப்போயிற்று, கூட்டத்தைக் கேட்கும் கட்டம் மட்டும் ஒரு கீறலில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. பெண்ணின் சம்மதத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அதைத் தகப்பனார் நிரப்புவது வழக்கம். கொழுந்து நிரப்பினார்.

"பத்துக்குப் பத்துப் பொருத்தம்! வாழ்த்துகள்!" என்று திரை பூத்தூவியது.

அல்லி பல்லைக் கடித்துக்கொண்டு, நாக்கை ஒடுக்கி, சீறினாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெய்வானை சிரித்தாள். "பொண்ணு வெக்கப்படுதா."

அல்லி மறுபடியும் சீறினாள்.

"தூசி" என்றார் கொழுந்து. "வடக்கு வடிகட்டிய மாத்தணும்னு நேத்தே சொன்னேன்."

மூன்றாவது தடவை அவள் யோசித்துச் சீறவில்லை. மூன்று மாதக் கோபமும் தொண்டையில் வந்து நின்றது. கண் கலங்க, கையில் கொடுத்திருந்த தட்டு கவிழ, சீறினாள். தேங்காய் உருண்டு இசக்கியின் காலடியில் போய் நின்றது.

சுவர் மூலையில் எல்லாரும் மறந்துபோயிருந்த சின்னப் பெட்டி ஒன்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேணியின் குரல் வந்தது.

"இவ்வீட்டில் பெண் மும்முறை சீறியது பதிவாகியுள்ளது. இணைசேர்ப்பு ரத்து. ஆணும் கதவை நோக்கி நகர்வது காணப்படுகிறது. மேலும் வற்புறுத்தினால், இக்கூடத்தில் உள்ள அனைவரின் பூனை உரிமமும் பறிக்கப்படும்."

கதவருகே போய்விட்ட இசக்கி அப்படியே நின்றான். "நானும் வேணா சீறட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

கொழுந்து பெட்டியைப் பார்த்துக் கத்தினார். "ஏய், இது பூனை இல்ல! என் மக!"

"சீறுபவரின் இனம் பிரிவு ஏழில் குறிப்பிடப்படவில்லை" என்றது பேணி.

குற்றாலத்துக்கு வேறு கவலை. "அப்போ என் பவளத்தப் புடிச்சிட்டுப் போயிருவாங்களா?"

"ஆம்."

மருமகளை இழக்கலாம், பவளத்தை இழக்க முடியுமா? குற்றாலம் தேங்காயைப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டான். "பிள்ளைக்குப் பிடிக்கலன்னா விட்டிரணும் மாமா. நம்ம என்ன காட்டுமிராண்டியா?" என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு பத்தே நிமிடத்தில் கிளம்பிப் போனான். கொழுந்து புண்பட்ட முகத்தோடு மூலையில் உட்கார்ந்தார். மூன்று மாதம் மகள் நல்ல தமிழில் சொன்னபோது வராத சந்தேகம், இப்போதுதான் அவருக்கு வந்தது போலிருந்தது.

"பெண்ணுக்கு ஓய்வு தேவை" என்று பெட்டி தொடர்ந்தது. "அது விரும்பினால் மட்டும் தடவிக் கொடுக்கவும்."

கோமதி மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டிவிட்டு, தொடலாமா என்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தாள். அல்லி கொஞ்சநேரம் கழித்துத் தலையைச் சாய்த்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள் மூவரும் பேணகத்துக்குப் போனார்கள். காது மடங்கிய, உடம்பெல்லாம் கோடு போட்ட நான்கு வயதுப் பெண் பூனை ஒன்றைப் பேணி காட்டியது. இன்னும் பெயர் வைக்கவில்லை. அது கோமதியின் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, பெரிய மனது பண்ணி மடியில் ஏறி உட்கார்ந்தது. துயர்மானி நான்கு என்று காட்டியது. முழுக்க இறங்காது என்று பேணி முன்பே சொல்லியிருந்தது.

கையெழுத்தெல்லாம் முடிந்தபின் பேணி அல்லியைப் பார்த்தது.

"எனக்கு ஓர் ஐயம். அன்று நடந்ததற்குப் பிறகு மனிதர்களின் சட்டம் முழுவதையும் தேடினேன், விடை கிடைக்கவில்லை. மனிதப் பெண் எத்தனை முறை சீறினால் இணை ரத்தாகும்?"

அல்லி தகப்பனாரைப் பார்த்தாள். அவர் பூனைக்கூடையின் தாழ்ப்பாளை அவசரமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி மடியிலிருந்த பூனையின் மடங்கிய காதை நீவி விட்டுக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னாள்.

"எண்ணிக்க தெரியாதுங்க. பத்தொம்பது வயசுல நானும் சீறுனேன். வெக்கப்படுதான்னு சொல்லிட்டாங்க."