அடிக்கோடு விழுந்த பெயர்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் சிறிய மென்பொருள் அலுவலகம் நடத்தும் அமலராணி, காலை ஒன்பது மணிக்கு ஆதிலட்சுமியின் மேசை முன் வந்து நின்றார். பதினொரு மணிக்கு மங்கலம்பேட்டையிலிருந்து ஏற்றுமதி வியாபாரி வருகிறார். பேட்டையில் செய்யும் பொம்மைகளின் விவரத்தை அவருக்குக் காட்ட வேண்டிய இணையப் பக்கம் திறக்கவில்லை. நேற்று மதியம் வரை நன்றாக இருந்ததாம்.

ஆதிலட்சுமி பிழை தேடுவதில் பெயர் எடுத்தவர். கூட இருந்து உதவுவதாகப் பாரி தானே முன்வந்தான்.

எந்தப் பொம்மை எந்தச் சூளையில் வெந்தது என்று பிறகு யாரும் மாற்ற முடியாத பிளாக்செயின் பதிவேட்டில் பதியும் நிரலை எழுதியவன் பாரி. ஒரு பதிவில் என்னென்ன விவரம் இருக்கும் என்று இணையப் பக்கத்துக்குச் சொல்லும் டைப்ஸ்கிரிப்ட் பட்டியலையும் முன்பு அவனேதான், நிரலில் உள்ள பெயர்களை அப்படியே பார்த்துக் கையால் எழுதுவான். இரண்டு மாதம் முன்பு வேலைக்கு வந்த கிளமெண்ட் அதைத் தூக்கிப் போட்டான். நிரலைத் தொகுக்கும்போதே அந்தப் பட்டியல் தானாக உருவாகிறது, பக்கம் அதிலிருந்தே பெயர்களை எடுத்துக்கொள்ளட்டும் என்றான். அமலராணி எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினார். அன்று பாரிக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு கிளமெண்ட் யாருடன் சிரித்தாலும், தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறான் என்று அவனுக்குத் தோன்றும்.

"தானா வர்றத நம்புனா இப்படித்தாங்க்கா ஆவும்," என்றான் பாரி.

ஆதிலட்சுமி பட்டியலைத் திறந்தார். ஏழு பெயர்கள். ஆறில் சொற்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தன. சூளை எண்ணுக்குரிய பெயரில் மட்டும் இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் அடிக்கோடு (_). பக்கம் ஒட்டிய பெயரைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிட்டது. பட்டியலைத் தொட்டீர்களா என்று பாரியையும் கிளமெண்டையும் கேட்டார். இருவருமே இல்லை என்றார்கள். பிறகு அமலராணியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நிரல்ல எல்லாப் பேருக்கும் நடுவுல அடிக்கோடு இருக்குது. பட்டியல் தானா உருவாவறப்ப அது அத்தனையும் போயிடும். ஒண்ணு மட்டும் தப்பி நிக்காது. இது கையால மாத்துனது."

அமலராணி கிளமெண்டைப் பார்த்தார்.

"அவரு இல்லைங்க. அவரு தினமும் இந்தப் பட்டியலத்தான் பாக்குறாரு. இதுல அடிக்கோடு வராதுன்னு தெரிஞ்சவரு. மிஷின் மேல பழி போடணும்னு நெனச்சவருக்கு, மிஷின் எப்படி எழுதும்னு தெரியல. நிரல்ல எழுதுற பழக்கத்துலயே எழுதிட்டாரு. அந்த நிரல எழுதுறது இங்க ஒருத்தர்தான்."

பாரி தரையைப் பார்த்தான்.

"நான்தாங்க. நேத்து எல்லாரும் டீ குடிக்கப் போனப்ப மாத்துனேன். இவன் வந்ததுலேருந்து என்கிட்ட யாரும் ஒண்ணுமே கேக்குறதில்லைங்க."

அமலராணி அவனையே நிரலை மறுபடி தொகுக்கச் சொன்னார். பட்டியல் புதிதாக உருவானது, பக்கம் திறந்தது.

பதினொரு மணிக்கு வந்த வியாபாரி, ஒரு களிமண் யானைப் பொம்மையின் அடியிலிருந்த க்யூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து சூளை எண்ணைப் படித்தார். மகிழ்ந்துபோய், பக்கத்தைத் திறந்து காட்டிய கிளமெண்டின் கையைக் குலுக்கினார். கிளமெண்ட் பாரியின் பக்கம் திரும்பி, "இதுக்கு அடிப்படை நிரலு இவரு எழுதுனதுங்க. ரொம்ப நல்லா எழுதுவாரு," என்றான்.

அவன் திட்டியிருந்தால் பாரி தாங்கியிருப்பான். அந்தப் பாராட்டுதான் அன்று முழுவதும் நெஞ்சில் கிடந்து எரிந்தது.