ஐஸ் பேசணும்

எதிர் வீட்டில் ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. அங்கே இருந்த கைக்குழந்தை கக்குவான் இருமலில் இறந்துவிட்டது. தடுப்பூசி போடும் நாள் வருவதற்குள் நோய் முந்திக்கொண்டது. அன்றிலிருந்து தெருவே உம்மென்று கிடந்தது. போதாக்குறைக்கு விடாத மழை வேறு.

வாயாடிக்குக்கூடப் பேசப் பிடிக்கவில்லை. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் பள்ளியில் டீச்சரே வாயாடி என்றுதான் கூப்பிடுவார். அவள் அம்மா அந்தத் தெரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

இப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் இருமல் பரவுகிறதாம். தண்ணீர் பாலத்தின் மேல் ஏறுவதற்குள் அங்கே போய்க் குழந்தைகளுக்கு ஊசி போட்டாக வேண்டும். இருப்பதோ ஒரே ஒரு பெட்டி மருந்து. அதுவும் கெட்டால் அவ்வளவுதான்.

மருந்துப் பெட்டிக்குள் ஐஸை அடுக்கி வைக்கும்படி டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டு, அம்மா எதிர் வீட்டு அத்தையைப் பார்க்கப் போயிருந்தாள். டிரைவர் புதிது. தண்ணீர் நிரப்பி உறையவைத்த தட்டை டப்பாக்களை ஆஸ்பத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பெட்டிக்குள் நெருக்கி அடுக்கினார். மருந்துக் குப்பிகளை எடுக்கக் கை நீட்டினார்.

வாயாடி ஒரு டப்பாவை உருவி, காதருகே வைத்துக் குலுக்கினாள்.

"அண்ணா, இது பேசல."

"ஐஸ் எங்கம்மா பேசும்? அதுக்கும் சேர்த்துதான் நீ பேசுறியே."

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். இன்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குப்பிகளை வைக்க விடாமல் பெட்டியை மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த மருந்து சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும் என்று மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள். கல் மாதிரி இருக்கும் ஐஸை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்துவிடும். பிறகு உருகினால், பார்ப்பதற்கு நல்ல மருந்து போலவே இருக்கும். ஊசி போட்டாலும் காப்பாற்றாது. அதனால் ஐஸ் கொஞ்சம் உருகி, உள்ளே தண்ணீர் களக் களக்கென்று ஆடும்வரை அம்மா காத்திருப்பாள். அதற்கு அவர்கள் வீட்டில் 'ஐஸ் பேசுது' என்று பெயர்.

டிரைவர் அண்ணனின் முகம் வாடிவிட்டது.

"எவ்வளவு சில்லுனு இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு நெனச்சுட்டேன் பாப்பா. இப்ப இது உருகுறதுக்குள்ள தண்ணி பாலத்துல ஏறிடுமே."

சும்மா வைத்தால் நேரமாகும்தான். வாயாடி வெளியே ஓடினாள். கூரையிலிருந்து கொட்டிய மழைத்தண்ணீர் வாளியில் நிறைந்திருந்தது. டப்பாக்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து அதில் முக்கினாள். இருவரும் வாளியருகே குந்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்கள். பார்ப்பவர்கள் டிரைவர் அண்ணன் போனில் பேசுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"பாப்பா, இது பேசுது" என்றார் அவர் மெதுவாக.

ஒவ்வொன்றாக எல்லாமே பேசின. துடைத்து அடுக்கினார்கள். அம்மா சிவந்த கண்களோடு திரும்பி வந்தாள். ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். பிறகுதான் குப்பிகளை உள்ளே வைத்தாள்.

வாயாடியையும் ஏற்றிக்கொண்டு வண்டி போனபோது தண்ணீர் பாலத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கரையில் ஓர் இருட்டு அறையில் முதல் குழந்தைக்கு ஊசி போட்டார்கள். அது வீடே அதிர வீறிட்டது. அதன் தாய் பதறிப்போய் வாயைப் பொத்தப் போனாள்.

"விடுங்க அக்கா, நல்லா அழட்டும்" என்றாள் வாயாடி.

அம்மா ஊசியைக் கீழே வைத்தாள். அந்த அழுகை ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.