அம்மா பேசறேன்

லீவு முடிந்து நான் திரும்பிய அன்று பள்ளிக்கூடத்தில் ஈ காக்கா இல்லை. வகுப்புகள் தொடங்க இன்னும் நாள் இருந்தது. வெளிநாட்டு டீச்சர் என்றால் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டருகே வந்தபோது மதியம்தான். ஆனால் மேகம் கவிந்து, அந்தி சாய்ந்த மாதிரி கிடந்தது.

இந்தத் தடவை ஊரிலிருந்து கிளம்பியது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. என் மகள் அப்பா இல்லாத பெண். அவளைத் தங்கையிடம் விட்டுவிட்டுத்தான் நான் கடல் கடந்து வந்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். ஆசை ஆசையாக லீவில் போனால், ஐந்து வயதுப் பிள்ளை சித்தியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்க்கிறது. கொஞ்சம் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தாள், அதற்குள் லீவு தீர்ந்துபோயிற்று. கிளம்பும்போது அவள் அழவில்லை. சமர்த்தாக டாட்டா காட்டினாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. இந்த வருஷமும் இப்படியே போனால் அவளுக்கு நான் அம்மாவாகவே இல்லாமல் போய்விடுவேனோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். அவர் இடுப்பில் எப்போதும் சாவிகள் சலசலக்கும், அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் சாவிக்கொத்து. அவர் தன் பாஷையில் பேசியதை நம் தமிழில் சொல்கிறேன்.

“என்ன டீச்சர், பெட்டியெல்லாம்? எங்க போயிட்டு வர்றீங்க?”

“லீவு முடிஞ்சுதுங்க. இப்பதான் ஊர்லேர்ந்து வர்றேன்.”

அவர் சிரித்தார். “லீவு முழுக்க இங்கதானே இருந்தீங்க. லேப்ல உக்காந்து உங்க பாஷைல பேசிட்டே இருப்பீங்களே. குளிருதே, டீ போட்டுத் தரட்டுமானு கதவைத் தட்டினேன். பதிலே சொல்லல.”

“வேற யாராவது இருக்கும்.”

“இந்த ஊர்ல உங்க பாஷை பேச வேற யாரு இருக்கா?”

மனுஷருக்கு வயசாகிவிட்டது, காதில் என்னவோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.

லேப் என்றால் மொழிப் பயிற்சி அறை. ஒவ்வொரு மாணவனுக்கும் பலகைத் தடுப்பு வைத்த ஓர் இடம், ஒரு ஹெட்போன், ஒரு மைக். என் மேஜையில் வரிசையாக சுவிட்சுகள். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒரு சுவிட்சைத் தட்டினால் அந்த இடத்தில் இருப்பவன் குரல் மட்டும் என் காதில் விழும். தப்பாகச் சொன்னால் அவனுக்கு மட்டும் திருத்திச் சொல்லலாம். அந்தக் கட்டடத்தில் நெட் ஒழுங்காகக் கிடைப்பதும் அங்கேதான். போன வருஷம் பூராவும், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, காலி இடங்களைப் பார்த்தபடி அந்த மேஜையில் உட்கார்ந்துதான் என் பாப்பாவோடு பேசுவேன். பல நாள் அவள் போனுக்கே வரமாட்டாள். நான் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று சொல்ல அன்றும் அங்கேதான் போனேன். பூட்டிக் கிடந்த அறையில் ஈரத்துணி வாடை அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் காற்று மோதும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. செத்துப்போயிருந்த போனை சார்ஜில் போட்டேன். சும்மா இருப்பானேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்தேன். வெறும் இரைச்சல். அடுத்ததிலும் இரைச்சல்தான்.

கடைசி வரிசை, ஜன்னலோர இடம்.

யாரோ மூச்சு விட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலி காலி. அங்கிருந்த ஹெட்போன் கொக்கியில் அசையாமல் தொங்கியது.

“பாப்பா... அம்மா... பேசறேன்.”

தமிழ்தான். ஆனால் தமிழ் தெரியாத வாய். ஒவ்வொரு சொல்லையும் தடவித் தடவி, இழுக்கக் கூடாத இடத்தில் இழுத்துச் சொன்னது.

என்னைச் சொல்ல வேண்டும். யார் தப்பாகப் பேசினாலும் திருத்தாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். தூக்கத்தில் உளறுகிறவர்களைக்கூட விடமாட்டாய் என்று தங்கை கேலி செய்வாள். புத்தி விழித்துக்கொள்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“இழுக்காத. பாப்பா, அம்மா பேசறேன்.”

“பாப்பா, அம்மா... பேசறேன்.”

“இன்னொரு தடவை.”

“பாப்பா, அம்மா பேசறேன்.”

அது என் குரல்.

நான் கொஞ்சும்போது வருகிற கரகரப்புகூட அதில் இருந்தது. பிழை சொல்ல ஒன்றுமில்லை.

“குட்,” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

காதுக்குள் மெதுவாக ஒரு சிரிப்பு. பிறகு இரைச்சல்கூட இல்லை.

போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வராந்தாவில் நின்று தங்கையைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. கேட் வரைக்கும் நடந்துகொண்டே அழுத்தினேன். இருட்டிக்கொண்டு வரும்போதுதான் எடுத்தாள்.

“என்னக்கா, இப்பதானே வெச்ச?”

“யாருடி வெச்சா? நான் இப்பதான் பேசறேன்.”

“விளையாடாதக்கா. இவ்வளவு நேரம் பாப்பாகிட்ட கொஞ்சிட்டு இருந்தியே. அவ இப்படி வாய் ஓயாம பேசி நான் பாத்ததே இல்ல. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, போ.”

“அது நான் இல்லடி. பாப்பாகிட்ட குடு.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

“பாப்பா... அம்மா... பேசறேன்.”

பயத்தில் என் நாக்கு மரத்திருந்தது. சொற்கள் ஒட்டாமல், இழுத்துக்கொண்டு வந்தன.

போன் மறுபடியும் கை மாறியது.

“சித்தி, இது அம்மா இல்ல.”

அடுத்த விமானத்திலேயே ஊருக்கு வந்துவிட்டேன். வேலையாவது ஒன்றாவது. தங்கையை போன் நம்பரை மாற்றச் சொன்னேன். என்னக்கா இது என்று முனகிக்கொண்டே மாற்றினாள்.

இப்போது பாப்பாவுக்கு நான்தான் தலைவாரி விடுகிறேன், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இருப்பது போல மரியாதையாக இருக்கிறாள். மடியில் மட்டும் உட்காருவதில்லை. நாளாக நாளாகச் சரியாகப் போய்விடும் என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் சொல்வதில்லை.

சாயங்காலம் ஆனால் தங்கையின் போன் அடிக்கும். திரையில் நம்பர் எதுவும் வராது. என் போன் என் கையில்தான் இருக்கும். பாப்பா பாய்ந்து வந்து எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு நாள் போனைப் பிடுங்கி அணைத்து வைத்தேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்து ஜுரத்தில் அனத்தினாள். அணைத்து வைத்த போன் மறுபடியும் அடித்தது. அன்றிலிருந்து தங்கை அதைத் தொடுவதில்லை.

கதவில் காதை வைத்துக் கேட்பேன். பாப்பா சிரிப்பாள். என்னோடு ஒரு நாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரியும். அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் கதை சொல்லும், கொஞ்சும், கோபித்துக்கொள்வது போல நடிக்கும். எனக்கு அவ்வளவு நன்றாக வராது.

நேற்று பாதிப் பேச்சில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

“ஆன்ட்டி, அம்மா உங்ககிட்ட பேசணுமாம்.”