புதுக் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

அட்டிகைப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட்டைத் தவிர ஒன்றுமில்லை.

கவிதா போட்ட கூச்சலில் எதிர் ஃபிளாட் தங்கம் தூக்கம் கலைந்து ஓடி வந்தாள். விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி. ஊரார் பெட்டிகளைத் துழாவியே பழகிய கை. இரவு ஷிஃப்ட் முடித்துப் படுத்தவளுக்கு எரிச்சல்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் திருட்டு என்று காதில் விழுந்ததுமே அவளுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறியது.

மாலை ஆறு மணிக்குக் கவிதாவின் மகள் மேகலாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் டெல்லி துவாரகாவில் இருக்கும் இந்த ஃபிளாட்டுக்குக் கிளம்பியாகிவிட்டது. ஹாலில் இரண்டு காவலாளிகளுக்கு நடுவே ஆரிப் நின்றிருந்தான். காலையில் படுக்கையறையை ஒட்டிய குளியலறையில், டைல்ஸ் சுவரில் ஆளுயரக் கண்ணாடி மாட்டியவன் அவன்தான். பக்கத்து அடுக்குமாடி டவரில் வேலையாக இருந்தவனை இழுத்து வந்து, கருவிப் பையைத் தரையில் கொட்டியிருந்தார்கள். அட்டிகை இல்லை. கவிதாவின் கணவர் சிவகுமார் போலீஸை அழைக்கக் கைபேசியை எடுத்துவிட்டார். போலீஸ் வந்தால் இனி எந்த வீட்டிலும் தன்னைப் படியேற்ற மாட்டார்கள் என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னான் ஆரிப்.

போலீஸை அழைக்குமுன் தனக்குப் பத்து நிமிடம் தரும்படி தங்கம் கேட்டாள்.

"கடைசியா எப்பக்கா பாத்தீங்க?"

"இவன் வர்றதுக்கு முன்னாடி."

"இவன் போனதுக்கு அப்புறம்?"

"பீரோவையே திறக்கல. கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வச்சேன். தண்ணி ஜாஸ்தியாகி வழிஞ்சிடுச்சு. நல்ல நாள்ல துடைக்க மனசு வரல, அப்படியே விட்டுட்டுக் கோயிலுக்குக் கிளம்பிட்டோம்."

அப்போது வீட்டில் இருந்தது இரண்டே பேர். சமையலுக்கு வந்திருந்த பொன்னி, மிக்ஸி சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றாள். கவிதாவின் தம்பி மதன் ஹாலில் படுத்து மொபைல் பார்த்துக்கொண்டிருந்தானாம். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், ஜிம்மில் முறுக்கேற்றிய தோள். காலையில் கண்ணாடியின் மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்ததும் அவன்தான்.

வேலையில் ஏதாவது தகராறு உண்டா என்று ஆரிப்பிடம் விசாரித்தாள். துளை போடும்போது ஒரு டைல் உடைந்து சுவரில் குழி விழுந்ததாம். மாற்றித் தருகிறேன் என்றதற்கு, கண்ணாடி மறைத்துவிடும், அக்காவிடம் மூச்சு விடாதே, ஜல்தி முடி என்று மதன்தான் அவசரப்படுத்தினானாம். கவிதாவுக்கு இது புதுச் செய்தி.

தங்கம் குளியலறைக்குள் போனாள். மூலைக்கொன்றாக நான்கு ஸ்குரூ, பளபளவென்று மூடிகள். கண்ணாடியின் இடது கீழ் மூலையில் குங்குமப் பொட்டு, அதன் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள்.

"பாகல் ஹை க்யா, பைத்தியமா? உடைஞ்சிடும்" என்றான் மதன். "இன்னிக்கிப் போயி கண்ணாடி உடையணுமா?" சகுனத்தில் அவனுக்கு அத்தனை அக்கறை இருப்பது அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆரிப்பும் சிவகுமாரும் இறக்கினார்கள். குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் அட்டிகை.

"பாத்தீங்களா, உள்ள வச்சு மாட்டியிருக்கான்" என்று கவிதா ஆரிப்பின் பக்கம் திரும்பினாள். சிவகுமார் மறுபடி கைபேசியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. பொட்டு எந்த மூலையில வச்சீங்கக்கா?"

"மேல, வலது பக்கம்."

தங்கம் படத்தை நீட்டினாள். கவிதா பார்த்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"தண்ணி கீழதானக்கா வழியும். இது மேல போயிருக்கு. கண்ணாடிய யாரோ கழட்டித் தலைகீழா மாட்டியிருக்காங்க, நீங்க பொட்டு வச்சு அது காஞ்சதுக்கு அப்புறம். அப்ப ஆரிப் பக்கத்து டவர்ல. அந்தக் குழி தெரிஞ்ச இன்னொரு ஆள், தனியாளாத் தூக்கக்கூடிய ஆள் யாரு?"

எல்லாரும் மதனையே பார்த்தார்கள்.

"அது அம்மாவோட அட்டிகை" என்றான் அவன் கடைசியில், தரையைப் பார்த்து. "எனக்கும் பங்கு இருக்கு. யாராச்சும் கேட்டீங்களா? ஆரவாரம் அடங்கினதும் எடுத்துக்கலாம்னு..."

"பொட்டைக்கூடப் பாக்கலையே தம்பி" என்றாள் தங்கம். "கண்ணாடின்னா உன் மூஞ்சிய மட்டும்தான் பாப்ப போல."

கவிதா தம்பியை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அதைவிட மோசமாக, அவன் பக்கம் திரும்பாமலேயே நின்றாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. பிறகு தானே குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த ஆரிப்பின் கருவிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். "மாஃப் கர்னா, பையா" என்று மன்னிப்புக் கேட்டாள், அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்.

ஆரிப் கண்ணாடியை நேராக மாட்டி நான்கு ஸ்குரூவையும் முடுக்கினான். பலர் கைபட்டு அழுக்கேறியிருந்த கண்ணாடியை ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்தான். வலது மேல் மூலை வந்தபோது மட்டும் துணியை மடித்துக்கொண்டு, பொட்டையும் அதிலிருந்து கீழே இறங்கிய கோட்டையும் தொடாமல் சுற்றிலும் துடைத்து முடித்தான்.