முதல் கூப்பாட்டுக்குப் பதில்

திங்கட்கிழமை காலை குமாஸ்தா சென்னியப்பன், லாரி ஆபீசைத் திறந்தபோது, டெலக்ஸ் மிஷினிலிருந்து காகிதம் தரைவரைக்கும் இறங்கி, நாற்காலிக் காலைச் சுற்றிக் கிடந்தது. பம்பாய்ப் பார்ட்டிகள் ராத்திரியே லோடு கேட்டு அடித்திருக்கிறார்கள் என்று ஆசையோடு எடுத்துப் பார்த்தான். லோடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப இருந்தது. இருநூற்றுப் பதினேழு, சென்னி, சங்ககிரி. அது அவனுடைய மிஷினின் பெயர்.

டெலக்ஸின் வேலையே அதுதான். எங்கோ இருக்கிறவர் தன் மிஷினில் தட்டுவது இங்கே தானாக அச்சாகும். தட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு பொத்தானை அமுக்குவார். ‘நீ யார்?’ என்று அதற்கு அர்த்தம். உடனே இந்த மிஷினுக்குள் இருக்கிற, பல் வைத்த சின்ன டிரம் ஒரு சுற்றுச் சுற்றித் தன் நம்பரையும் பெயரையும் ஊரையும் சொல்லிவிடும். ஆபீசில் ஆள் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. அந்தப் பெயர் கம்பெனியின் பெயராக இருந்திருக்க வேண்டியது. விண்ணப்பம் எழுதினவன் சென்னியப்பன், முதலாளி மயில்சாமிக்கு இங்கிலீஷ் வராது, அதனால் தன் பெயரில் பாதியை எழுதிவிட்டான். அதில் அவனுக்கு ஒரு சின்னக் குஷி.

இப்போது அந்தக் குஷி போய்விட்டது. தினமும் பொழுது இறங்கினதும் எவனோ கூப்பிடுகிறான். நீ யார் என்று கேட்கிறான். பதிலை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், மறுபடியும் கேட்கிறான். விடிய விடிய இதே வேலை. அதுவரைக்கும் லைன் வேறு யாருக்கும் கிடைப்பதில்லை. பம்பாய்க்காரர்கள் டிரங்க் கால் போட்டு முதலாளியை ஏசினார்கள்.

சேலத்திலிருந்து மெக்கானிக் சின்னராஜ் வந்தார். ரிப்பனை மாற்றினார், எண்ணெய் விட்டார், எர்த் சரியில்லை என்று ஆபீசுக்குப் பின்னால் எர்த் கம்பி புதைத்த குழியைத் தோண்டி உப்புத் தண்ணீர் ஊற்றினார். அன்று ராத்திரி இன்னும் அதிகமாக வந்தது. லைனையே மாற்றிக் கொடுத்தார்கள். அப்போதும் வந்தது. எக்ஸ்சேஞ்சுக்குப் போன் பண்ணினால், “அப்படி ஒரு கால் உங்க நம்பருக்கு வரவே இல்லீங்களே” என்றார்கள். சென்னியப்பனுக்குப் போனைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் வரவே இல்லை என்றால் என்ன செய்ய?

“வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள உட்ட கதையாப் போச்சு,” என்றார் மயில்சாமி. “உன்ற பேச்சக் கேட்டுத்தான் இதை வாங்குனேன். நாளைக்குச் சரியாகலைன்னா மிசினும் வேண்டாம், நீயும் வேண்டாம்.”

ஆகவே அன்று சாயங்காலம் சென்னியப்பன் வீட்டுக்குப் போகவில்லை. கேட்கிறவன் எவன் என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று மிஷின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். வேலை போனால் அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கே வழியில்லை. அவன் மனைவி சௌந்திரம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள்.

“ஏனுங்க, சோத்த ஆறப்போட்டுட்டு அதையே மொறச்சுக்கிட்டு இருக்கறீங்க?”

“வேற என்ன பண்றது. கேக்கறவன் எவன்னு தெரிஞ்சா மேல எழுதிப் போடலாம்.”

அவள் மிஷினை ஒரு பார்வை பார்த்தாள். “பொழுது எறங்குனா ஆரு கூப்புட்டாலும் மூணு வாட்டி கூப்படற வரைக்கும் வாயத் தொறக்கப்படாதுன்னு நம்மூட்ல சொல்லித்தான வளத்துனாங்க. அதுக மூணாவுது வாட்டி கூப்படாது. இது மொதக் கூப்பாட்டுக்கே பேரு ஊரு எல்லாஞ் சொல்லிப்போடுதுங்களே.”

“முதலாளிகிட்ட இதைச் சொல்லு புள்ள. வேப்பிலை அடிக்க ஆள் அனுப்புவாரு.”

“நான் என்னத்தக் கண்டனுங்க. கரண்டு போச்சுன்னா டார்ச்சு எடுத்துக்கிட்டு வாரேன். இருட்டுல தனியா வராதீங்க.”

அவள் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். கோடைப் புழுக்கத்தில் ரிப்பன் மையும் மிஷின் எண்ணெயும் கலந்து நாறின. பக்கத்துப் பட்டறையிலிருந்து வெந்த டயரின் நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. கோயமுத்தூர் ரோட்டில் லோடு லாரிகள் மேட்டில் ஏற முடியாமல் முனகிக்கொண்டு போக, ஒவ்வொன்றின் வெளிச்சமும் சுவரில் ஏறி, காலண்டரைத் தாண்டி, மூலையில் போய் அணைந்தது. அந்த மூலையைப் பார்க்க ஏனோ அவனுக்குப் பிடிக்கவில்லை. சௌந்திரம் சொன்னது காதிலேயே நின்றது. அதற்காக அவள்மேல் எரிச்சலாகவும் வந்தது.

மணி அடித்தது. மோட்டார் கிளம்பியது. மிஷின் கடகடவென்று தன் பெயரைச் சொல்லி நின்றது.

இந்தத் தடவை அவன் விடவில்லை. தன் மிஷினில் இருந்த அதே பொத்தானை ஓங்கி அமுக்கினான். நீ யார்?

மோட்டாரின் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு எழுத்து விழுந்தது. எந்த மிஷினும் தன் பெயரை ஒரே மூச்சில் கொட்டிவிடும். இது அப்படி வரவில்லை. எழுத்து கற்கிற குழந்தை பலகையில் தடவித் தடவி எழுதுவது போல வந்தது. இரண்டு. வெகுநேரம் கழித்து, ஒன்று. ஏழு. அடுத்து ஒரு எழுத்து. இன்னொன்று. சென்னி, சங்ககிரி.

மறுபடியும் கேட்டான். அதே வரி, கொஞ்சம் வேகமாக வந்தது.

மூன்றாவது தடவை மிஷின் வேகத்திலேயே வந்தது. சென்னியப்பன் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். இத்தனை ராத்திரியும் அது கேட்டது இதற்காகத்தானா? அவனுடைய பெயரைப் படித்துக்கொள்ளவா?

மூடியைக் கழற்றினான். அவசரத்தில் திருப்புளி இரண்டு தடவை நழுவியது. டிரம்மைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டான். சூடாக இருந்தது. இனி கேட்கட்டும், சொல்ல வாய் இல்லை. வேலை போனால் போகட்டும்.

கரண்ட் போனது.

மோட்டார் முனகி நின்றது. கூடவே ரோடும் அடங்கிவிட்டது. ஒரு லாரி இல்லை. ஒரு நாய் இல்லை. எண்ணெய் நாற்றம் போய், தோண்டிய குழியின் ஈர மண் வாசம் வந்தது. மூடிய அறைக்குள், காய்ந்த கோடையில், உப்பு ஊறிய மண்.

வெளியே யாரோ வந்து நின்றார்கள்.

“சென்னி.”

சௌந்திரத்தின் குரல். அப்பாடா என்று எழுந்து, வாயைத் திறந்து, அப்படியே நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள்.

கதவிடுக்கில் டார்ச் வெளிச்சம் இல்லை.

“இருநூத்திப் பதினேழு,” என்றது சௌந்திரத்தின் குரல். “சென்னி. சங்ககிரி.”

இது இரண்டாவது. இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சரிந்தான். மூன்றாவதுக்குக் காத்திருந்தான். வரவில்லை. மண் வாசம் அப்படியே இருந்தது. அவன் பேசவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. பதில் சொல்லாவிட்டால் போய்விடும்.

வலது கைக்குள் ஏதோ அசைந்தது.

பல் பல்லாக. விரலுக்கு விரல் உரசிக்கொண்டு. இறுக்கினான். நிற்கவில்லை. இறுக்கிய கைக்குள் டிரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. யாரும் இல்லை. ஈரக் காற்று அவனைத் தாண்டிப் போய், மூலையில் நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியாது. தெருக்கோடியில் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியாடி வந்தது. வளையல் சத்தம். அவள்தான். வராதே என்று கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. நாக்கு மரத்துவிட்டது.

சௌந்திரம் வாசலில் நின்று வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். எதிர்ச்சுவரில் இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒன்று அதன் பின்னால், குனிந்து நின்றது.

“ஏனுங்க,” என்றாள், மெதுவாக. “ஆருங்க அது?”

முதல் கூப்பாட்டுக்கே பதில் வந்தது. அவன் தோளுக்குப் பின்னாலிருந்து, அவனுடைய குரலில்.

“இருநூத்திப் பதினேழு. சென்னி. சங்ககிரி.”